வயிற்றெரிச்சலுக்கு இங்கிலீஷ்

கழகம் ஆட்சிக்கு வந்து மூன்று வருஷமாகியும் கோர்ட்டில் இங்கிலீஷ்தான் நடந்தது. சாட்சிகள் தமிழில் அழுவதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்வது பஞ்சநதத்தின் உத்தியோகம். செய்து செய்து அலுத்துப்போயிருந்தார். நாகம்மாள் கூண்டேறும்வரை எந்தச் சாட்சியின் முகமும் அவர் மனதில் நின்றதில்லை.

அவள் நன்னிலம் பக்கத்துக்காரி. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காக மிராசுதார் ரெங்கசாமியின் ஆட்கள் அவள் மகன் வீரையனைக் களத்திலேயே அடித்துக் கொன்றார்கள் என்பது வழக்கு.

"மகனைப் பொணமா பாத்தப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் சர்க்கார் வக்கீல்.

"வயிறு எரிஞ்சுதுங்க. இன்னும் எரியுதுங்க."

பஞ்சநதம் அதற்கு இங்கிலீஷில் சொல் தேடினார். பொறாமையிலும் வயிறு எரியும், சாபம் விடும்போதும் எரியும். இது அது எதுவுமில்லை. ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்ததும் அவசரத்தில் "ஸேட்" என்றார். அதுவே பதிவானது.

வெளியே மரத்தடியில் நாகம்மாள் மறித்தாள். "நான் சொன்னத அவங்ககிட்ட என்னன்னு சொன்னீங்க, ஐயா?"

"ஸேட்னு. துக்கம்னு அர்த்தம்மா."

"அவ்வளவுதானா?"

அந்தக் கேள்வி வீடுவரை கூடவே வந்தது. கும்பகோணத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பெரிய அகராதியைப் பிரித்து வேறு சொல் தேடினார். கண்ணில் பட்டது ஸேட் பிறந்த கதைதான். ஆதியில் அதற்கு வயிறு நிறைந்தவன் என்று பொருளாம். நிறைந்து, திகட்டி, உடம்பு பாரமாகி, அந்தச் சலிப்பே பிற்பாடு துக்கமாயிற்றாம். அன்றைக்கு அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள் ஜட்ஜின் அறையில் போய் நின்றார். "அந்த வார்த்தைய மாத்தணுங்க. அது தின்னு திகட்டினவனோட துக்கங்க."

"இப்ப யாருய்யா அப்படிப் படிக்கப்போறாங்க? கேசுக்கு அதனால என்ன?"

ஜட்ஜ் நியாயமாகத்தான் கேட்டார். பஞ்சநதம் திரும்பி வந்தார்.

சாட்சியம் போதவில்லை என்று எல்லாரும் விடுதலையானார்கள். நாகம்மாள் நேரே அவரிடம்தான் வந்தாள்.

"நான் சொன்னது அவங்களுக்கு வெளங்கலீங்களா?"

எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும் தீர்ப்பு இதுதான் என்று அவருக்குத் தெரியும். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? "வெளங்கலம்மா" என்றார்.

தை அறுவடைக்கு அவளை வேறு யாரும் கூப்பிடவில்லையாம். ரெங்கசாமியின் வயலிலேயே அரிவாளோடு இறங்கினாளாம், அதே பழைய கூலிக்கு. கோர்ட்டுக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். உள்ளே அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். பஞ்சநதம் எழுந்து போனார்.