உப்புத் தீர்த்தம்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து நேராக வராது. ஒன்றைச் சொல்லிக்கொண்டு போகும்போது இன்னொன்று மறந்துபோகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கன்னியர்மடத்துச் சகோதரி, இயற்கையில் கடவுளை அறிந்த அனுபவத்தைப் பங்குக் கோயில் மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டு இரண்டு மூன்று தரம் வீட்டுக்கு வந்துவிட்டார். கூட்டத்தில் வாய் திறக்காதவள் எழுத்திலாவது திறக்கட்டும் என்று நினைத்திருப்பார். பூவையும் குருவியையும் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது கடல் ஒன்றுதான். அதையும் நான் பல வருடம் பார்க்காமல் இருந்தவள்.

என் கணவர் மயிலிட்டியில் தொழிலுக்குப் போனவர். தொழில் என்றால் எங்களுக்குக் கடல்தொழில். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து சுன்னாகம் பக்கத்தில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். அங்கேயும் அவர் விடிய எழும்பினால் முதலில் வெளியே நின்று காற்றை முகத்தில் வாங்குவார். சோளகக் காற்று பிறந்துவிட்டது, இனிக் கடல் இப்படி இருக்கும் என்று, அந்தச் செம்மண்ணில் யாருக்கும் தேவையில்லாத செய்தியைச் சொல்லுவார். பக்கத்துத் தோட்டக்காரர் பகிடி பண்ணுவார். "என்ன அண்ணை, வெங்காயத்துக்கு வலை போடப் போறியளோ?"

இவரும் சிரிப்பார். பிறகு என்னிடம் மட்டும் சொல்லுவார், காற்று வருகிற ஒழுங்கையும் போகிற ஒழுங்கையும் பார்த்தால் அதை அனுப்புகிற ஒருவர் இருக்கிறாரா என்ற கேள்வியே எழும்பாது என்று. அந்த நாட்களில் அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டதில்லை.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு எங்கள் மகனும் அவரோடு தொழிலுக்குப் போனான். எங்கள் ஆட்கள் வள்ளத்தைத் தள்ளுவதற்கு முன் குனிந்து கடல்தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை அடையாளம் போடுவார்கள். கோயில் வாசலில் தீர்த்தத்தில் விரல் நனைத்துப் போடுகிற மாதிரியேதான். யார் தொடங்கி வைத்தார்கள் என்று தெரியாது. செய்யாமல் ஒருவரும் ஏறமாட்டார்கள்.

ஒரு கார்த்திகை மாதம் தகப்பனுக்குக் காய்ச்சல் என்று மகன் தனியே போனான். வள்ளம் துண்டு துண்டாகக் கரை சேர்ந்தது. அவன் வரவில்லை.

அடுத்த வருடம் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. அன்றைக்கு ஒவ்வொரு வீட்டாரும் சவக்காலையில் தங்கள் கல்லறைக்குப் பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நிற்பார்கள். பங்குக் குருவான சுவாமி ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். எங்களுக்கு நிற்க ஓர் இடம் இல்லை. மதில் ஓரமாக நின்றோம். சுவாமி கடைசிக் கல்லறைக்குத் தெளித்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர்மேல் பிழை இல்லை. நாங்கள் ஏன் அங்கே நிற்கிறோம் என்று அவருக்கு யார் சொன்னது? என் கணவர் நேரே வீட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து கோயில் வாசல் மிதிக்கவில்லை.

நான் மறுபக்கம் போனேன். கோயிலை இறுகப் பிடித்துக்கொண்டு கடலை விட்டேன். கரை வழியாகப் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் பின்தெரு ஒழுங்கையால் சுற்றிப் போனேன். அவர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார், நான் பூசைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரே சட்டியில் சாப்பாடு. அதைப்பற்றி மட்டும் நாங்கள் கதைக்கவில்லை.

பிறகு ஓர் இளம் சுவாமி மாற்றலாகி வந்தார். ஒரு ஞாயிறு, படைக்கப்பட்டவற்றைப் பார்த்தே படைத்தவரை அறியலாம் என்று வாசகம் வந்தது. அவர் கடலைக் காட்டிப் பிரசங்கம் வைத்தார். எனக்கு எழும்பிப் போகவேண்டும் போல இருந்தது. கூச்சத்தால் இருந்துவிட்டேன். கடல் கடவுளைக் காட்டுமென்றால் எனக்கு எதைக் காட்டியது என்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கேட்டேன். யாருக்கும் கேட்டிருக்காது.

அந்த வருடந்தான் என் கணவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பராமரியுங்கள் என்றார்கள். அதன் பொருள் எனக்கும் எங்களோடு இருந்த மகளுக்கும் விளங்கியது. சுவாமியைக் கூப்பிட்டு நோயாளிக்கு எண்ணெய் பூசுகிற நோயில்பூசுதல் கொடுக்கவேண்டும் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"எனக்கு வேண்டாம். மேலை இருக்கிறவருக்கு என்னைத் தெரியும், எனக்கும் அவரைத் தெரியும்" என்றார்.

மகள் கேட்டாள், அழுதாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். மகனுக்கும் கடைசி ஆசீர்வாதம் இல்லை, தகப்பனும் அப்படியே போய்விட்டால் நான் செத்த பிறகு யாரைத் தேடி எந்தப் பக்கம் போவது? படிக்காத பெண்ணின் பயந்தான். ஆனாலும் அந்தப் பயத்தோடுதான் படுத்து எழும்பினேன்.

ஒருநாள் காலை, மகள் வேலைக்குப் போன பிறகு, "இஞ்சாரும், கொஞ்சம் கடல்தண்ணி கொண்டாரும்" என்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை. படுக்கையில் விழுந்ததிலிருந்து அவர் அந்தத் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை போடவில்லை.

வெறும் சோடாப் போத்தலை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். மகன் போன பிறகு அன்றுதான் முதல்தரம். வலையில் சிக்கிய மீனைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைக் கண்டு, "என்ன ஆச்சி, கடலைப் போத்திலுக்கை அடைச்சுக்கொண்டு போகப் போறியளோ?" என்றார். படுக்கையில் கிடக்கிறவர் கேட்டார் என்று சொல்லிப் போத்தலை நீட்டினேன். எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் என்று விளங்கியதும் அவர் சிரிப்பு நின்றது. கரைத்தண்ணீர் கலங்கல் என்று சொல்லிப் போத்தலை வாங்கினார். குனிந்து தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்தார். இடுப்பளவு இறங்கி நிறைத்துக் கொண்டுவந்து தந்தார். அவ்வளவு நேரமும் நான் கடலைப் பார்க்கவில்லை. அவருடைய முதுகைத்தான் பார்த்தேன்.

போத்தலை மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பாஸ்காத் திருநாளில் மந்திரித்த தீர்த்தமும் அங்கேதான், அதே மாதிரிப் போத்தலில் இருந்தது. காலையில் ஒரு கிண்ணத்தில் கடல்தண்ணீரை ஊற்றிக் கொடுப்பேன். அவர் விரலை நனைத்துச் சிலுவை போட்டுவிட்டுக் கண்ணை மூடுவார்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று சுவாமி நோயாளருக்கு நற்கருணை கொண்டு வருவது வழக்கம். அப்படி ஒருநாள் பக்கத்து வீட்டுக்கு வந்தவர், நாங்கள் கூப்பிடாமலே எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தார். என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவாமி கட்டாயப்படுத்தவில்லை. வீட்டை மட்டும் ஆசீர்வதித்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி, வீட்டில் தீர்த்தம் இருக்கிறதா என்று கேட்டார். அவசரப்பட்டு, சொரூபத்தடியில் கைக்கு வந்த போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அவர் நான்கு பக்கமும் தெளித்தார். இவர்மேலும் பட்டது.

இவர் உதட்டை நக்கிப் பார்த்தார். மெதுவாகத் திரும்பினார்.

"சுவாமி, உது உப்புக் கரிக்குது."

சுவாமியும் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. போத்தல் மாறிப்போச்சு, உவர் கேட்டுக் கொண்டுவந்த கடல்தண்ணி என்று எப்படியோ சொல்லி முடித்தேன். சுவாமி கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்ட இருந்தார்.

"முந்தின ஆக்கள் தீர்த்தம் மந்திரிக்கேக்கை உப்புப் போடுறவை, ஐயா. இதிலை ஏற்கெனவே போட்டுக் கிடக்கு" என்றார்.

இவருடைய வாயோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. பிறகு சொன்னார், மூச்சு வாங்கி வாங்கி. "என்ரை மகன் இதுக்கைதான் கிடக்கிறான், சுவாமி. உங்கடை தீர்த்தம் சவக்காலை மதிலோடை நிண்டிட்டுது."

சுவாமி முன்னால் குனிந்தார். இவரே மறுபடியும் தொடங்கினார்.

"கடலைப் பாத்தால் அவர் பெரியவர் எண்டு தெரியும். அதிலை எனக்கு ஒருநாளும் சந்தேகம் வரேல்லை. ஆனால் இரக்கமுள்ளவர் எண்டு கடல் சொல்லேல்லை. எவ்வளவு கேட்டும் சொல்லேல்லை."

இத்தனை வருடம் அவர் கடலுக்குப் போனது அதைக் கேட்கத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் கோயிலுக்குள் கேட்டதும் அதுதான்.

சுவாமி தன் கழுத்தில் கிடந்த பாடுபட்ட சொரூபச் சிலுவையைக் கழற்றி இவருடைய உள்ளங்கையில் வைத்தார். அவரும் மகனைக் கொடுத்தவர்தான் ஐயா என்று மட்டும் மெல்லச் சொன்னார். அந்தச் சொல்லை நான் எத்தனையோ பெரிய வெள்ளியில் கேட்டிருக்கிறேன். அன்று கேட்டதுபோல் கேட்டதில்லை. பிறகு கடல்தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்து, மகனுடைய பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி மந்திரித்தார்.

இவர், "என்னப்பா, கொஞ்சம் வெளியிலை நில்லும்" என்றார். பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப்போகிறார் என்று விளங்கியது. நான் முற்றத்தில் நின்றேன். உள்ளே நெடுநேரம் கதைத்தார்கள். என்னைக் கூப்பிட்டபோது அவர் நெற்றியில் எண்ணெய் மினுங்கியது. நற்கருணையும் வாங்கியிருந்தார். போகும்போது சுவாமியிடம், "ஒருக்கால் கரைக்கும் வாங்கோ" என்றார். "வாறன் ஐயா" என்றார் சுவாமி.

கணவர் மழை தொடங்குமுன் போய்விட்டார். அமைதியாகத்தான் போனார். அவருக்குச் சவக்காலையில் இடம் கிடைத்தது.

அந்த வருட ஆத்துமாக்கள் திருநாளில், கல்லறைகளுக்கெல்லாம் தெளித்து முடித்த பிறகு சுவாமி திரும்பிப் போகவில்லை. சவக்காலைப் படலையைத் தாண்டிக் கரைக்கு நடந்தார். சனம் என்னவென்று தெரியாமல் பின்னால் போனது. பிறகு கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர் ஒவ்வொருவராக முன்னுக்கு வந்தார்கள். எங்கள் வீடு ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன். எத்தனை பேர்! ஒருவரும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். சுவாமி கடலுக்குத் தீர்த்தம் தெளித்தார். நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். கடல் கடலாகத்தான் இருந்தது. பெரிதாக, ஒன்றும் சொல்லாமல். ஆனாலும் அதைப் படைத்தவர் இரக்கமுள்ளவர் என்று வேறு இடத்தில், அந்தக் கட்டிலடியில், தெரிந்துகொண்டு வந்து பார்த்தபோது, என்னால் பார்க்க முடிந்தது.

அந்த ஞாயிறு வாசகம் எந்தத் திருமுகத்தில் வருகிறது என்று எனக்கு நினைவில்லை. கடல்தண்ணீரை அப்படி மந்திரிக்கலாமோ என்றும் தெரியாது. அதனால் சுவாமிக்கு வில்லங்கம் வரக்கூடாது. அச்சில் போடுமுன் சகோதரி இவற்றைச் சரிபார்த்து, பிழை இருந்தால் திருத்திவிட வேண்டும்.