நைட்ரஜன் கேனில் இருந்த வாழை

எங்கள் ஆய்வகம் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. திசு வளர்ப்பில் வாழைக் கன்று உண்டாக்கி விவசாயிகளுக்குக் கொடுப்போம். வாழையின் செல்களைத் திரவ நைட்ரஜன் நிரப்பிய ஒரு கேனில் உறைய வைத்துக் காப்பது என் பொறுப்பு.

ஒரு வருடம் எங்கள் கன்றுகளில் பல, வளராமல் குட்டையாகவே நின்றுவிட்டன. விவசாயிகள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனதும் முதலாளி நேராக என்னிடம் வந்தார்.

"ஐஸ்ல வெச்சு செல்லோட குணத்தையே மாத்திட்டீங்கம்மா. மொதல்ல அந்தக் கேனைக் காலி பண்ணுங்க."

"வித்த கன்னு எதுவும் கேன்ல இருந்து வரல சார். வருஷக்கணக்கா பாட்டில்ல பிரிச்சுப் பிரிச்சு வளர்க்கறோமே, அதுல இருந்து வந்தது. வளர்ந்துக்கினே இருக்கற செல்லுதான் மாறும். உறைஞ்சது அப்படியே இருக்கும்."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க. இனிமே நைட்ரஜன் கிடையாது."

"கேனை நான் காலி பண்ண மாட்டேன் சார். வேணும்னா என்னை அனுப்பிடுங்க."

அவர் என்னை அனுப்பவில்லை. நைட்ரஜனை நிறுத்தினார். அவ்வப்போது ஊற்றி நிரப்பாவிட்டால் அது ஆவியாகிவிடும், செல்கள் செத்துப்போகும். கீழ்பென்னாத்தூர் பக்கம் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் ஒருவரிடம் கேட்டேன். அவரிடமும் நைட்ரஜன் கேன் உண்டு. கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அவர் வந்த அன்று பௌர்ணமி. வண்டிகளை ஊருக்குள் விடவில்லை. நானும் என்னோடு வேலை செய்த அக்காவும் ஊர் எல்லைக்கே போய் அவருடைய கேனை வாங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, கிரிவலக் கூட்டத்துக்கு எதிராக நடந்தோம்.

"இன்னாம்மா, புகை வருது?" என்று ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"வாழைக்கு சார். வழி விடுங்க."

என் குரலில் இருந்த வேகத்தைக் கேட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அதன்பிறகும் சினை ஊசிக்காரரே நைட்ரஜன் தந்துவந்தார். கொஞ்சம் செல்களை உறைவு நீக்கி வளர்த்தேன். பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. ஆனாலும் நான் விடவில்லை. பிழைத்தவற்றைக் கன்றாக்கி, அண்ணன் நிலத்தில் ஒரு பக்கம் நட்டேன். மறுபக்கம் பாட்டில் கன்றுகள். கேன் கன்றுகளின் இலைகளையும் அந்தச் செல்களை எடுத்த தாய் மரத்தின் இலையையும் ஒரு கல்லூரிக்கு அனுப்பி மரபணுவை ஒப்பிடச் சொன்னேன். பார்த்தவரையில் வித்தியாசமே இல்லை என்றார்கள்.

வாழை குலை தள்ளும் சமயத்தில் முதலாளியை வரச் சொன்னேன். பாட்டில் பக்கம் அங்கங்கே குட்டை மரங்கள் நின்றன. மறுபக்கம் கடைசிவரை நடந்து பார்த்தார். ஒன்றுகூடக் குட்டையாக இல்லை.

"நைட்ரஜன் வண்டிக்கு போன் பண்ணிடுங்கம்மா" என்றார்.

"நேத்தே பண்ணிட்டேன் சார்."

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் பழைய பாட்டில்களை எல்லாம் கொட்டிக் கழுவினேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.