பரிசோதனை நாளுக்கு மட்டும் அடங்கிய கண்

சாயப்பட்டறைக் கொதிகலனை இருபத்தாறு வருடமாக மேய்த்துவந்த அவரைப் பட்டறையில் எல்லோரும் ‘பிரஷர்’ என்றே கூப்பிட்டார்கள். மனிதருக்கு ஒரு கலை நன்றாகக் கைவந்திருந்தது. ஆய்வாளர் வரும் வாரத்தில் கொதிகலனை மாப்பிள்ளை மாதிரி ஜோடித்து நிறுத்திவிடுவார். மற்ற நாட்களில் ஏனோதானோதான். ஆய்வாளரும் பாராட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

அவருக்கே கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது, கவனிக்காவிட்டால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், போனது திரும்பாது என்று சொல்லிக் கண் டாக்டரம்மா சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். மருந்து எரிந்தது. கண்ணோ வலிக்கவே இல்லை. அப்புறம் எதற்கு வம்பு? டாக்டரம்மாவைப் பார்க்கப் போவதற்கு மூன்று நாள் முன்னால் மட்டும் வேளை தவறாமல் விட்டுக்கொண்டார். அளந்தால் அழுத்தம் அடக்க ஒடுக்கமாக இருக்கும். இப்படியே நான்கு வருடம் ஓட்டினார்.

இந்த முறை பார்வைப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து டாக்டரம்மா குழம்பிப்போனார்.

“அழுத்தம் நல்லாத்தான் இருக்கு. இடது கண்ணுல ஓரம் மட்டும் இருண்டுகிட்டே வருதே? தினமும் மருந்து விடுறீங்கதானே?”

“ஒரு நாள் தவறினதில்லீங்க.”

“ஒரு மாசத்துல தீரவேண்டிய சீசா ஒரு வருஷம் வருதுங்க டாக்டர்,” என்றாள் கூட வந்திருந்த மனைவி.

மானம் கப்பலேறியது. டாக்டரம்மா திட்டவில்லை.

“கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி ஒரு சல்லடை வழியாத்தான் வடியணும். அதுல லேசரால லேசா சுட்டா வடிகால் இளகும். சில வருஷம் தாங்கும். நீங்க மறந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும்.”

மரத்துப்போக ஒரு சொட்டு விட்டார்கள். கண்மேல் ஒரு வில்லையை வைத்தார்கள். பச்சை வெளிச்சம் நூறு தடவை மின்னியது. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கொதிகலனுக்கு ஒரு வால்வு மாற்றவே ஒரு நாள் பிடிக்குமே என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

ஆறு வாரம் கழித்து அளந்தபோது, ஒரு சொட்டு மருந்தும் இல்லாமல் அழுத்தம் இறங்கியிருந்தது. நான்கு வருடத்தில் அவர் காட்டிய முதல் உண்மைக் கணக்கு அதுதான். முகமெல்லாம் பல்லாகக் கேட்டார்: “அப்ப, போன பார்வை எப்பங்க திரும்பும்?”

“திரும்பாதுங்க. முதல் நாளே சொன்னேனே. இருக்கறதைக் காப்பாத்தத்தான் இது.”

மனைவியோடு வெளியே வந்து தெருவில் நடந்தார். பத்தடி போவதற்குள் அவர் நின்று கத்தினார்: “எங்கடி போயிட்ட?”

“இங்கதான் இருக்கேன்,” என்றாள், அவருடைய இடது தோளை ஒட்டி நடந்துவந்த மனைவி.

சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள்.