குடைக்கடைத் துரை

1. எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரித் தெரு ஒன்றில் புது மழைநீர் ஓடைக்கு அளவெடுக்கப் போனேன்.
2. குடைக்கடை வாசலில் குடை பிடித்து நின்ற, மரத்தில் செதுக்கிய வெள்ளைக்காரத் துரை, ஓடைக் கோட்டுக்குள் ஒன்றரை அடி வந்திருந்தார்.
3. உள்ளே எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்.

ஒல்லியான தமிழர் அவர். துண்டால் முதலில் துரையின் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் தன் முகத்தைத் துடைப்பார்.

மூன்றாம் நாள் கொட்டும் மழை. கடை திறந்திருந்தும், சுமைதூக்கிகள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அதைத் தாண்டி ஓடினார்கள்.

“ஏன் சேட்டா, யாரும் வரலை?”

“கடை பூட்டறப்பதான் துரையை உள்ளே எடுக்கிறது வழக்கம், இஞ்சினியரம்மா. அவரைக் காணலேன்னா கடை இல்லேன்னு போயிடறாங்க. மூணு நாளா ஒரு குடை விக்கலை.”

“போர்டு எழுதி வைக்கலாமே?”

“எந்த பாஷையிலே? இங்க மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி எல்லாம் உண்டு. துரை ஒண்ணும் பேசமாட்டார், அதான் எல்லாருக்கும் மனசிலாகுது” என்று சிரித்தார்.

மழைக்காலம் போனால் அவர் வியாபாரமும் போகும். ஆனாலும் துரையை வெளியே வைக்கட்டுமா என்று அவர் கேட்கவே இல்லை. ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அன்று மாலையே வரைபடத்தைத் திருத்தினேன். அந்த ஓடை குடைக்கடை முன் மட்டும் ஒன்றரை அடி வளைந்து போகிறது.