முப்பதாம் இலக்க வாழை

எங்கள் வீட்டு வளவில் வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை வாழைகள் நின்றன. கொழும்பில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த அண்ணை, சண்டையால் படிப்புப் பாதியில் நிற்க, ஊருக்கு வந்திருந்தார். ஊரிலோ மின்சாரமே இல்லை. படித்ததை யாரிடமாவது அவிழ்த்து விடாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். அகப்பட்டவள் சின்னப் பிள்ளையான நான்.

எங்கேயாவது ஒரு தோடம்பழ இனிப்பைத் தேடிப் பிடித்து, சிரட்டையால் மூடி, ஏதோவொரு வாழையடியில் புதைத்துவிடுவார். எந்த வரிசை, எத்தனையாவது வாழை என்றெல்லாம் சொல்லமாட்டார். ஒரேயோர் இலக்கம்தான் சொல்வார்.

"கம்ப்யூட்டருக்குத் தோட்டம் தெரியாது பிள்ளை. அதுக்கு எல்லாம் ஒரே நீட்டு வரிசைதான். ஒரு வாழைக்கு முன்னாலை எத்தினை நிக்குதோ, அதுதான் அதின்ரை இலக்கம்."

அப்படிப் பார்த்தால் முதல் வாழை பூச்சியம். மூன்றாம் வரிசையின் ஐந்தாவது வாழைக்கு முன்னால் இரண்டு முழு வரிசையும் இன்னும் நாலும் நிற்பதால், அது பதினாறு.

"உலகத்திலை ஆரும் பூச்சியத்திலை துவங்குவினமே?" என்று அம்மா சிரிப்பார். இனிப்புக் கிடைத்தால் நான் எதிலிருந்தும் துவங்குவேன்.

பிறகு அண்ணை வெளிநாடு போவதென்று முடிவாயிற்று. முதலில் கிளாலியில் படகேறி மறுகரைக்குப் போகவேண்டும். போகிற அன்று அவருடைய சேர்ட்டைப் பிடித்துத் தொங்கி, ஊரைக் கூட்டி அழுவதென்று நான் தீர்மானித்திருந்தேன். ஐயா சைக்கிளை வெளியே எடுக்க, அண்ணை என் முன்னால் குந்தினார்.

"முப்பதிலை ஒண்டு வச்சிருக்கிறன். ஓடிப்போய் எடு. நான் நிக்கிறன்."

ஓடினேன். கடைசி வாழையே இருபத்தொன்பதுதான். அதற்குப் பிறகு வேலி. போகிற அவசரத்தில் அண்ணையும் மற்றவர்களைப் போல ஒன்றிலிருந்து எண்ணிவிட்டார் என்று நினைத்து, அந்தக் கடைசி வாழையடியைக் கிண்டினேன். ஒன்றுமில்லை. பக்கத்து வாழையடியையும் கிண்டினேன். மண்கையோடு திரும்பி வந்தபோது வாசல் கேற்றடியில் அம்மா மட்டும் நின்றார்.

"அண்ணைக்குக் கணக்குப் பிழைச்சுப் போச்சு," என்றேன். அம்மா சேலைத் தலைப்பால் என் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் படகு கரை சேரவில்லை. யார் என்ன சொல்லியும் நான் நம்பவில்லை. அண்ணை வந்ததும் அந்தப் பிழையைச் சொல்லிச் சண்டைபிடித்து நன்றாகக் கொழுவவேண்டும் என்று நெடுங்காலம் காத்திருந்தேன். இன்றைக்கும் வந்தாரென்றால் கொழுவத்தான் ஆசை.

அவருக்குக் கணக்குப் பிழைக்கவில்லை. முப்பது என்றொரு வாழை எங்கள் வளவில் இல்லையென்று அவருக்கு நன்றாகவே தெரியும். நான் அன்று கேற்றடியில் நின்று அழுதிருந்தால் அண்ணை போயிருக்கவேமாட்டார் என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.