அம்மாவின் வானொலியில் நான் வாசித்த அறிவித்தல்

அம்மாவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து இந்நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். அம்மாவைப் புகழ்ந்து எழுதச் சொன்னார்கள். புகழ்ச்சி அவருக்கு ஒத்து வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம். அவருடைய பெற்றோர் இலங்கையில் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். முறை மாப்பிள்ளையான அப்பாவைக் கட்டிக்கொண்டு அம்மா கண்டிக்கு வந்தார். தாய் தகப்பன் பிறந்த நாட்டில் அவர் வெளிநாட்டுக்காரி. குடியுரிமை கிடைக்கும்வரை வீசாவுக்காகக் கொழும்புக்கு அலைந்தார். சொந்தக்காரர்களே 'இந்தியாக்காரி' என்றுதான் சொன்னார்கள்.

தோட்டத்து நல்லது கெட்டது டவுனில் இருப்பவர்களுக்குத் தெரிய வருவதில்லை என்று கண்ட அம்மா, அவற்றைக் கைத்தொலைபேசியில் பேசிப் பதிந்து அனுப்பத் தொடங்கினார். வீடு குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கம். இரைச்சல் புகாமலிருக்கச் சேலை அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவார். நானும் தங்கையும் விழுந்து விழுந்து சிரிப்போம். அதுதான் பிறகு நான்கு பேருக்கு வேலை கொடுத்த இணைய வானொலியானது. தளபாடக் கடை விளம்பரத்தில் இங்கே கதிரை என்பதை இந்தியாவில் போல 'நாற்காலி' என்று சொல்லி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

மரண அறிவித்தலுக்கே நேயர்கள் அதிகம். வீட்டோடு கோபித்துப் போன பிள்ளையின் பெயரை அறிவித்தலில் விட்டுவிடுவது நம்மவர் வழக்கம். அம்மாவும் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்து வந்தார். ஒரு நாள் அப்படி விடுபட்ட ஒரு பெண் தொலைபேசியில் கேட்டார்: "செத்தது எங்கப்பா தானேம்மா? நான் உயிரோடதானே இருக்கேன்?"

அம்மா அன்றே அந்தப் பெண்ணின் பெயரையும் சேர்த்து மறுபடி வாசித்தார். அந்தப் பெண்ணின் அண்ணன்மார் வந்து சத்தம் போட்டார்கள். அன்றிலிருந்து பெற்ற பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் இருந்தால்தான் அறிவித்தல் என்று கண்டிப்பாக இருந்தார். பலர் வேறு இடம் போனார்கள். அம்மா அசையவில்லை.

இனி என் கதை. தங்கை கலகெதரையில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையை மணந்தாள். அம்மா போய் வாழ்த்தினார். நான் போகவில்லை, ஆறு வருடம் பேசவும் இல்லை. கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அம்மா சொன்னார்: "நான் இருக்கும்போதே தங்கச்சியோட பேசிடுப்பா. செத்த பொறகு பேசினா நான் எப்படிக் கேக்குறது?" பார்ப்போம் என்றேன். பார்க்கவில்லை.

அம்மா கண்மூடிய காலை, அறிவித்தலில் என் பெயரையும் மனைவி பெயரையும் மட்டும் எழுதினேன். ஒன்பது வருடம் அம்மாவோடு வேலை செய்த அறிவிப்பாளர் லலிதா தாளை மேசையில் வைத்துவிட்டார்.

"இத நான் வாசிக்க மாட்டேண்ணே. நீங்களே வாசிங்க."

கோபத்தோடு நானே ஒலிவாங்கி முன் உட்கார்ந்தேன். தான் ஆடாவிட்டாலும் தசை ஆடும் என்பார்கள். பிள்ளைகளின் பெயர் வந்த இடத்தில் தாளில் இல்லாத தங்கையின் பெயரும் அவள் கணவரின் பெயரும் என் வாயிலிருந்து வந்தன. அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. மிச்சத்தை லலிதா வாசித்தார்.

தாய் இறந்ததைத் தங்கை அந்த வானொலியில்தான் கேட்டாள். கடையில் மச்சான்தான் ஒலியைக் கூட்டி வைத்தாராம். ஒரு போன் எடுத்துச் சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அம்மாவைப் பராமரித்த தாதியருக்கும், தோட்டங்களிலிருந்து வந்து பாடை சுமந்தவர்களுக்கும், பந்தல் போட்ட அயலவர்க்கும், லலிதாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்தியதும், காரியம் முடியும்வரை சமையலறையில் நின்றதும் தங்கைதான். அவள் பெயரை இங்கே சேர்க்கவில்லை. வீட்டுப் பிள்ளைக்கு நன்றி சொல்வது எங்கள் வழக்கமில்லை.