நான்காவது தீவட்டியார்

எங்கள் குடும்பத்துப் பட்டப்பெயர் தீவட்டியார். நெய்வேலி டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டத்து ஆட்களும் இருந்தார்கள். இன்னொரு தீவட்டியார் மட்டும் இல்லை. உலகத்திலேயே மூன்று வீடுதான் என்று அப்பா மார்தட்டுவார்: நாங்கள், புதுக்கோட்டைப் பக்கம் பெரியப்பா, திருச்சியில் ஒரு சின்னத் தாத்தா. ராஜாவின் படைக்கு முன்னால் தீவட்டி பிடித்துப்போன வம்சம் என்பது அப்பா சொன்ன வரலாறு. "எவன் வீட்டு வைக்கப்போரையோ கொளுத்திட்டு ஓடியிருப்பாங்க" என்பது அம்மா சொன்னது.

நான் அப்பா கட்சி. ஆனால் மூன்று வீடு என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. புலிகள் குறைந்து வருகின்றன என்று பாடத்தில் படித்தபோது எனக்கு எங்கள் ஞாபகம்தான் வந்தது.

2012இல், நான் நான்காம் வகுப்பு படித்தபோது, தன் ஷிஃப்டில் புதிதாகச் சேர்ந்த ஒருவரை அப்பா அத்தைக்குப் பார்த்தார். தாய் தகப்பன் இல்லை, சித்தப்பா வளர்த்த பிள்ளை, பெர்மனென்ட் வேலை. நாம் மூன்றே வீடுதானே என்று பட்டப்பெயரை விசாரிக்கக்கூட இல்லை. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. நர்சிங் படிக்க வேண்டும் என்று, பேச்செடுத்த நாளிலிருந்து அழுதுகொண்டிருந்தாள்.

முதலில் பையன் வந்து பார்க்கட்டும், சித்தப்பாவைப் பிறகு கூப்பிடலாம் என்பது அப்பாவின் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் தனியாக வந்தார். அத்தை காபி கொடுத்துவிட்டு நிமிராமல் உள்ளே போனாள். வெற்றிலை வாங்க மறந்த அப்பா கடைக்கு ஓடினார்.

"அத்தை கண்ணு ஏன் செவந்திருக்கு?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"நர்சிங் படிக்கணுமாம். அப்பா வேணாம்னுட்டாங்க" என்றேன். வந்தவரிடம் அழுகைக் கதை எதற்கு என்று, உடனே எங்கள் வம்ச வரலாற்றைத் தொடங்கினேன். பட்டப்பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவ்வளவு அக்கறையாக அதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்பா வந்ததும் அவர் எழுந்து நின்றார். "அண்ணே, பாப்பா இப்பதான் சொல்லுச்சு. நாங்களும் தீவட்டியாருதாங்க. தாத்தா காலத்துலயே ஊரை விட்டுப் போயிட்டோம்."

ஒரே பட்டப்பெயர் என்றால் பங்காளி. அத்தைக்கு அவர் அண்ணன் முறை. கல்யாணப் பேச்சு அந்த நிமிஷமே முடிந்தது. அப்பா தலையில் கைவைத்து உட்காருவார் என்று பார்த்தால், அவரைக் கட்டிக்கொண்டார். நாலு வீடாகிவிட்டோம் என்று நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதன்பின் அவர் வாராவாரம் வந்தார். "தங்கச்சி படிக்கட்டும்ணே" என்பார். வெளியாள் சொல்லியிருந்தால் நடப்பதே வேறு; பங்காளி சொன்னதால் அப்பா கேட்டுக்கொண்டார். அத்தை நர்சிங் சேர்ந்தாள்.

அடுத்த வருடம் மார்கழியில் அவரை வளர்த்த சித்தப்பா இறந்துபோனார். பங்காளி வீட்டுச் சாவு, நமக்குப் பொங்கல் கிடையாது என்றார் அப்பா. அவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"வேணாம்ணே. நாங்க ரொம்ப தூரத்துப் பங்காளி. புள்ள ஏங்கிப்போயிடும்."

"பேரு ஒண்ணா இருக்கறப்ப தூரமென்ன, கிட்டமென்ன?"

ஒரு கரும்புகூட வாங்கவில்லை. லீவுக்கு வந்திருந்த அத்தை தோட்டத்துப் பக்கம் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு வந்தது கோபம்தான்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அத்தை சொன்னாள், அவர் தீவட்டியாரே இல்லை என்று. பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால், டவுன்ஷிப் முழுக்கப் பெண்ணைத்தான் குறை பேசும். அந்தப் பேச்சு வராமல் அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய். அத்தை இன்று வெள்ளை உடுப்பில் வேலைக்குப் போவது அந்தப் பொய்யால்தான். அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பாவம், அப்பாதான் ஏமாந்துபோனார் என்று நினைத்துக்கொண்டு, போன மாதம் மெல்ல அவரிடம் உடைத்தேன். அப்பா சிரித்தார்.

"அன்னைக்கு அவன வழியனுப்ப வாசல் வரைக்கும் போனப்பவே குலதெய்வம் எதுன்னு கேட்டேன். முழிச்சான்."

"தெரிஞ்சுமா பொங்கல் வைக்காம இருந்தீங்க?"

"இருந்த ஒரு சித்தப்பனும் போயிட்டாரு. அவனுக்காகப் பொங்கலை நிறுத்த வேற யாரும்மா இருந்தா?"